வீடா? வீதியா? – வீதியே!

(தலைப்பு: ‘இளைஞர்களின் வாழ்வைப் பெரிதும் தீர்மானிப்பது வீடா? வீதியா?’ – ‘வீதியே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, வீதியைச் சுத்தமாகப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருக்கும் என் அணித் தலைவர் அவர்களே! ‘வீடே’ என்று வாதாடுவதற்காக, வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அம்பத்தூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

ஐயா, எனக்கு முன்னால் எதிரணி அம்மையார் மிக அழகாகப் பேசினார்கள். வீடு கோயில் என்றார்கள். தாய் தெய்வம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. என் அம்மா இந்த நிகழ்ச்சியை டிவியில் பார்ப்பார்கள். ஏதாவது ஏடாகூடமாகப் பேசினால் இன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடையாது. (சிரிப்பு)

ஆனால் கடைசியில் அவர்கள் ஓர் உதாரணம் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர், ஏழையாகப் பிறந்து, தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தார் என்றார்கள். அம்மா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அது எந்த விளக்கு? தெருவிளக்கு! வீட்டில் விளக்கு இல்லை; வீதியில் இருந்தது. எதிரணியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீதிக்கு விளக்கேற்றி வைத்த அம்மையாருக்கு நன்றி. (பலத்த கைதட்டல்)

சிரித்துவிட்டோம். கொஞ்சம் யோசித்தும் பார்ப்போம். அந்தத் தெருவில் அந்தக் கம்பம் இல்லாமல் போயிருந்தால்? அதே மூளை, அதே உழைப்பு, அதே தாய். ஆனால் நமக்கு ஒரு நீதிபதி கிடைத்திருக்க மாட்டார்.

நடுவர் அவர்களே, வீதி என்றால் நாங்கள் வெறும் தார் ரோட்டைச் சொல்லவில்லை. வாசற்படியைத் தாண்டினால் ஒரு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறதோ, அதுதான் வீதி. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், நேரத்துக்கு வருகிற பஸ், உட்கார்ந்து படிக்க ஒரு நூலகம், ஓடி விளையாட ஒரு திடல், இவையெல்லாம் வீதி. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘தம்பி, அந்தப் பரீட்சைக்கு எழுதிப் போட்டியா?’ என்று கேட்கிற நாலு பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் வீதி.

வேறெங்கும் போக வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பகுதியையே பாருங்கள். 1955 ஜனவரியில் நேருவும் காமராஜரும் கலந்துகொண்ட காங்கிரஸ் மாநாடு நடந்த ஊர் நம் ஆவடி. ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று இந்தியாவுக்கே தீர்மானம் போட்டுக் கொடுத்த ஊர். 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. ராணுவத்துக்கு டாங்கி செய்து கொடுத்தோம். 1964-இல் இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பட்டறை பட்டறையாகப் பெருகியது. தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்தவனுக்கும் இந்த மண் வேலை கொடுத்தது. ஆனால் வேலை எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. வீதி எல்லோருக்கும் ஒன்றாக வந்ததா?

என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் அப்பா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னர். பட்டறைகளுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவன் ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்து வருவான். அவன் அப்பாவும் தொழிலாளிதான். என் அப்பாவும் தொழிலாளிதான். பத்தாம் வகுப்பில் நான் அவனைவிட 22 மார்க் கூட. எங்கள் வீட்டில் பாயசம்! (சிரிப்பு)

நாலு மாதம் கழித்து அவனை ரயிலில் பார்த்தேன். ‘அப்ரண்டிஸ் பரீட்சை எழுதிட்டேன்டா, செலக்ட் ஆயிட்டேன்’ என்றான். ‘எந்தப் பரீட்சை?’ என்று கேட்டேன். ‘என்னடா, உனக்குத் தெரியாதா? எங்க குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு மாமாதான் ஃபாரம் வாங்கிட்டு வந்து எல்லாப் பசங்களுக்கும் குடுத்தாரு’ என்றான். ஐயா, எங்கள் வரிசையிலும் மாமாக்கள் இருந்தார்கள். நல்ல மாமாக்கள். காய்ச்சல் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் அப்படி ஒரு ஃபாரம் இருக்கிறது என்பது எங்கள் வரிசையில் ஒரு மாமாவுக்கும் தெரியாது.

என் அப்பா என்ன தப்புச் செய்தார்? என் அம்மா என்ன குறை வைத்தார்கள்? இரண்டு வீட்டிலும் ஒரே உழைப்பு, ஒரே பாசம். இரண்டு வீதியிலும் ஒரே செய்தி வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்!

அப்படியானால் நீ எப்படி வாத்தியார் ஆனாய் என்று எதிரணி கேட்கும். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கிளை நூலகம் இருந்தது. அங்கே செய்தித்தாளில்தான் அடுத்த விண்ணப்பத்தை நானே பார்த்தேன். இன்னொரு விஷயம் தெரியுமா? 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின்படிதான் நம் ஊர்களில் பொது நூலகம் நடக்கிறது. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு சேர்த்து, நூற்றுக்குப் பத்து என்று நூலக வரி வாங்குகிறார்கள். ‘வீடே’ அணி நண்பர்களே, உங்கள் வீட்டு வரியிலேயே எங்கள் வீதிக்குப் பங்கு இருக்கிறது! (கைதட்டல்)

எதிரணிப் பேராசிரியர், ‘புத்தி உள்ளவன் எங்கே இருந்தாலும் பிழைத்துக்கொள்வான்’ என்றார். வள்ளுவரிடம் கேட்போமா? சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒருவனுடைய அறிவு அவன் மனத்தில் இருப்பது மாதிரி தெரியும். உண்மையில் அது அவன் சேர்ந்திருக்கும் இனத்தில் இருக்கிறது என்பது அவர் கருத்து. விழுகிற நிலத்தைப் பொறுத்து நீரின் குணம் மாறும் என்கிறார். பேராசிரியர் நீரைக் குறை சொல்கிறார். வள்ளுவரோ நிலத்தைப் பார் என்கிறார். நான் வள்ளுவர் கட்சி! (கைதட்டல்)

‘வள்ளுவர் சொன்னது சரி, கண்ணால் பார்த்த சாட்சி உண்டா?’ என்று நடுவர் கேட்பது எனக்குப் புரிகிறது. சாட்சி இருக்கிறது ஐயா. கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிறது, அமெரிக்காவிலிருந்து. 1994-இல் அங்கே நியூயார்க், சிகாகோ உள்ளிட்ட 5 நகரங்களில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள் சேர்ந்தன. குலுக்கல் போட்டார்கள். பெயர் விழுந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குக் குடியேற உதவி. குலுக்கல் என்பதால், நல்ல குடும்பம் கெட்ட குடும்பம் என்று பொறுக்கி எடுக்கவில்லை. அதே தாய், அதே வளர்ப்பு. மாறியது வீதி மட்டும்.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானத்தைக் கணக்குப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் ராஜ் செட்டி என்ற ஹார்வர்டு பேராசிரியர். டெல்லியில் பிறந்தவர், பெற்றோர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். 2016-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு என்ன சொல்கிறது? 13 வயதுக்கு முன் நல்ல வீதிக்குப் போன பிள்ளைகள், இருபத்தைந்து வயதையொட்டிய காலத்தில், போகாத பிள்ளைகளைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதுக்கு மேல் போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. வீதி ஒரே நாளில் வேலை செய்வதில்லை ஐயா. வருஷம் வருஷமாக ஊறுகிறது. ஊறுகாய் மாதிரி. நேற்றுப் போட்ட மாங்காய் இன்றைக்கு ஊறுகாய் ஆகுமா? (சிரிப்பு)

‘அது அமெரிக்கா, நம் நாட்டுக்குப் பொருந்தாது’ என்பீர்கள். நம் நாட்டுக்கே வருகிறேன். குஜராத்தில் அகமதாபாத். அங்கே 1987-இல் ஒரு வீட்டுக் குலுக்கல். பீடி சுற்றும் பெண்கள், ஊதுவத்தி உருட்டும் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். பெயர் விழுந்தவர்களுக்கு நல்ல வீடு. ஆனால் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி. குடியேறும் காலம் வந்து 14 வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக் குடும்பம் குடியேறவே இல்லை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு, போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. வீடு கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் வருமானத்தில் வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் நிலையிலும் வித்தியாசம் இல்லை.

நடுவர் அவர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அங்கே நல்ல வீதி கிடைத்தது, பிள்ளைகள் எழுந்தார்கள். இங்கே நல்ல வீடு கிடைத்தது, வீதி போய்விட்டது, பிள்ளைகள் எழவில்லை. இதற்கு மேல் நீங்கள் தீர்ப்புச் சொல்லவே வேண்டாம். அகமதாபாத்தே சொல்லிவிட்டது! (கைதட்டல்)

இப்போது நம்ம ஊருக்குத் திரும்புவோம். பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். அவருடைய சீடர் கணிகண்ணனைக் காஞ்சி மன்னன் ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடர் போனார்; ஆழ்வாரும் கிளம்பினார்; ‘நீ மட்டும் எதற்கு இங்கே படுத்திருக்கிறாய்?’ என்று பெருமாளையும் கூப்பிட்டார். பெருமாள் பாம்புப் படுக்கையைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார் என்பது வரலாறு.

அந்தத் திருமழிசைக்குப் பக்கத்திலேயே குடப்பாக்கம். கூவம் கரையில் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடங்களில் அதுவும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு, ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று தெரியும். நல்ல வீடு கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஒருத்தரை ஊரை விட்டுப் போகச் சொன்னதற்கு, பெருமாளே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடப் போனார். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பேரைப் போகச் சொல்கிறோம். பெருமாள்கூட வேண்டாமய்யா... பின்னாலேயே ஒரு பஸ் வரக்கூடாதா? (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

இப்படி இடம் மாறி வந்த ஒரு பெண், நான் வேலை பார்க்கும் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். எந்தக் குடியிருப்பு என்று பெயர் வேண்டாம். வருஷத்தின் நடுவில் டி.சி.யோடு வந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கட்டுரை எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுவாள். மூன்று மாதம் வந்தாள். அப்புறம் வரவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன். அந்தப் பத்து நாளுக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

வீடு நன்றாகத்தான் இருந்தது. டைல்ஸ் போட்ட தரை. ஃபேன் ஓடுகிறது. ‘ஏம்மா வரல?’ என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: ‘வீடு நல்லாத்தான் சார் இருக்கு. வீட்டச் சுத்தி ஒண்ணுமே இல்ல சார். பழைய எடத்துல ஒரு டியூஷன் அக்கா இருந்தாங்க, காசு வாங்காம சொல்லிக் குடுப்பாங்க. மெடிக்கல் ஷாப் அண்ணன் அப்ளிகேஷன் எல்லாம் எழுதிக் குடுப்பாரு. அம்மா அங்க நாலு வீட்ல வேல செஞ்சுது. இங்க வந்ததும் நாலு வீடும் போச்சு சார். அதான் நான் கம்பெனிக்குப் போறேன்.’ (அரங்கம் அமைதி)

கவனியுங்கள். குடிசை போய் வீடு வந்தது. ஆனால் அந்தக் குடிசையைச் சுற்றி ஒரு டியூஷன் அக்கா இருந்தாள். ஒரு மெடிக்கல் ஷாப் அண்ணன் இருந்தார். வேலை கொடுத்த நாலு வீடு இருந்தது. குடிசையை இடித்தபோது செங்கல்லும் ஓலையும்தான் போயிற்று என்று நினைத்தோம். அந்தப் பெண்ணின் வீதியே போய்விட்டது.

பக்கத்தில் அவள் அம்மா நின்றிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்: ‘எங்க வளப்புதான் சார் சரியில்ல. படிக்க வைக்கத் துப்பில்ல.’ நடுவர் அவர்களே, நான் இன்றைக்கு இந்த அணியில் பேசுவது ஜெயிப்பதற்காக அல்ல. அந்தத் தாய் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக. எதிரணி ‘எல்லாம் வீடுதான், எல்லாம் வளர்ப்புதான்’ என்று சொல்லும்போது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த வாதம் கடைசியில் யார் தலையில் போய் விழுகிறது? விடிகாலையில் எழுந்து பத்துப் பாத்திரம் தேய்க்கிற ஒரு தாயின் தலையில் விழுகிறது!

‘கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா வரவில்லையா?’ என்று எதிரணி நண்பர் எடுத்துக் கொடுத்தார். வந்தாள் ஐயா! நமக்கு நேர் எதிர்த் திசையில், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இருக்கிறது கண்ணகி நகர். அதுவும் இப்படி இடம் மாற்றப்பட்ட மக்கள் வாழும் பகுதிதான். முகவரியைச் சொன்னாலே முகம் சுளித்தார்கள் அந்த ஊரை. அங்கிருந்து போன கார்த்திகா, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினாள். எப்படி வந்தாள்? அந்தத் தெருவிலேயே ஒரு கபடிக் குழு இருந்தது. சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் இருந்தார். வீதியில் ஒரு கோடு போட்டு ஆட இடம் கிடைத்தது. அவள் அந்தக் கோட்டைத் தாண்டி உலகத்தைத் தொட்டுவிட்டு வந்தாள். (பலத்த கைதட்டல்) கார்த்திகா எங்கள் சாட்சி ஐயா, உங்கள் சாட்சி அல்ல! வைரம் எந்த வீட்டிலும் பிறக்கும். பட்டை தீட்டுகிற கல் வீதியில் இருக்க வேண்டும்.

காமராஜர் இதைப் புரிந்துகொண்டவர். வீட்டில் சோறு இல்லை என்று தெரிந்ததும், ‘நீ ஏன் சமைக்கவில்லை?’ என்று எந்தத் தாயையும் கேட்கவில்லை. 1956-இல் பள்ளிக்கூடத்தில் உலை வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதெல்லாம் என்ன? வீட்டால் முடியாததை வீதி எடுத்துச் செய்வது. ஆனால் அந்த பஸ் அந்தக் குடியிருப்பின் வாசலுக்கும் வர வேண்டும். சரியான நேரத்துக்கு வர வேண்டும். வராத பஸ்ஸில் இலவசம் என்ன, கட்டணம் என்ன? (சிரிப்பு)

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது. சந்தோஷம். போர்டு மாறிவிட்டது. ரோடும் மாற வேண்டும் அல்லவா? (கைதட்டல்)

‘வீதியை யார் மாற்ற முடியும்?’ என்று மலைக்க வேண்டாம். திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். இளங்கோ என்று ஒரு பொறியாளர். விஞ்ஞானியாக நல்ல வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, சொந்த ஊருக்கு வந்து, 1996-இல் ஊராட்சித் தலைவர் ஆனார். அவர் இரட்டை வீடுகள் கட்டினார். நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம். அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். ஊர்த் தெரு தனி, சேரி தனி என்று இருந்தால் செய்தியும் தனித்தனியாகத்தானே போகும்? ஒரே சுவர் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற ஃபாரம் இந்த வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும் அல்லவா? (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துக்கொள்கிறேன் ஐயா.

எந்த வீட்டில் பிறப்பது என்று எந்தப் பிள்ளையும் கேட்டுப் பிறப்பதில்லை. அதை நம்மாலும் மாற்ற முடியாது. ஆனால் வீதி என்பது நாம் எல்லோரும் சேர்ந்து போட்டது. ஆகவே நாம் சேர்ந்து மாற்றக்கூடியதும் அதுதான். டிவி பார்த்துக்கொண்டிருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பரீட்சை, ஒரு உதவித்தொகை, ஒரு வேலை பற்றித் தெரிய வந்தால், அந்தச் செய்தியை அடுத்த தெருவுக்கும் கொண்டுபோய்ச் சேருங்கள். ஃபாரம் வாங்கிக் கொடுக்கிற பக்கத்து வீட்டு மாமாவாக இருங்கள். அதற்குப் பட்ஜெட் தேவையில்லை.

அந்தத் தாய் அன்றைக்கு என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு இந்த மேடையில் இருந்து சொல்கிறேன். அம்மா, உங்க வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. உங்க பொண்ணு கையெழுத்து முத்து முத்தாத்தான் இருந்தது. குறைந்தது உங்க வாசலுக்கு வர வேண்டிய ஒரு பஸ். உங்க தெருவில் இருக்க வேண்டிய ஒரு டியூஷன் அக்கா. பத்து நாள் முன்னாடியே வந்திருக்க வேண்டிய ஒரு வாத்தியார்.

இளைஞர்களின் வாழ்வைப் பெரிதும் தீர்மானிப்பது வீதியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)